சுவரின் எந்தப் பக்கம் சூடு?

லண்டனில் ஒரு சிறிய கட்டடக்கலை அலுவலகத்தில் சேர்ந்த மூன்றாவது நாள், நிர்வாக வேலைகளைப் பார்க்கும் பெண்மணி என் மேஜைக்கு வந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி ஒன்று சொன்னார். என் மின்னஞ்சல்களின் அடியில் பெயருக்குக் கீழே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று இருக்கிறது, அதை எடுத்துவிட வேண்டும். வேண்டுமானால் ‘ஆர்க்கிடெக்சுரல் அசிஸ்டென்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். அவர் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. இங்கே பதிவு செய்யாதவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் சட்டச் சிக்கல் வரும் என்று பொறுமையாக விளக்கிவிட்டுத்தான் போனார். நான் அந்த ஒரு சொல்லை அழித்தேன். ஐந்து ஆண்டு படிப்பு, எட்டு ஆண்டு தொழில், என் கையெழுத்தில் அனுமதி வாங்கி எழும்பி நிற்கிற கட்டடங்கள், எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. அந்தச் சொல் எனக்குத் திரும்பக் கிடைத்தும் விட்டது. ஆனாலும் கேள்வி மட்டும் விட்டபாடில்லை. ஒரு நாட்டில் ஆர்க்கிடெக்டாக இருந்தவர் இன்னொரு நாட்டில் போய் இறங்கியதும் எதை இழக்கிறார்? முதல் இரண்டு ஆண்டுகள், “எதையும் இழக்கவில்லை, எல்லாம் காகித விவகாரம்” என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அப்போதைய கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் கொஞ்சம் நியாயக் குறைவு இருந்தது. பிரிட்டனில் 1997ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் காப்பது அந்தச் சொல்லை மட்டும்தான். வீட்டுக்கு பிளான் வரைந்து கொடுப்பதை யாரும் செய்யலாம். ‘ஆர்க்கிடெக்ட்’ என்று சொல்லிக்கொண்டு செய்யத்தான் ஏஆர்பி என்கிற பதிவு வாரியத்தின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே மாதிரிதான். அதன் 37ஆவது பிரிவு தடுப்பது பெயரைப் பயன்படுத்துவதை, வேலையை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. இந்தியாவில் ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் கொடுத்த எண்ணை ஒவ்வொரு டிராயிங்கிலும் பெருமையாகப் போட்டவள் நான். பதிவில்லாதவர்கள் பெயர்ப் பலகையில் அந்தச் சொல்லை எழுதும்போது அது தப்பு என்று சத்தமாகச் சொன்னவளும் நான்தான். வேலிக்கு உள்ளே நின்றவரை அது எனக்குப் பாதுகாப்பு. வெளியே நின்றபோதுதான் முள் கண்ணில் பட்டது.

33 கட்டங்கள்

அப்போது பிரிட்டனில் ஆர்க்கிடெக்ட் ஆவதற்கு பார்ட் ஒன், பார்ட் டூ, பார்ட் த்ரீ என்று மூன்று படிகள். 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் பிறகு, பல்கலைக்கழகப் படிப்பை மையமாக வைத்து வளர்ந்த ஏற்பாடு அது. இப்போது அதை மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. முதல் இரண்டு படிகள் படிப்பு. மூன்றாவது சட்டம், ஒப்பந்தம், தொழில் நடைமுறை. வெளிநாட்டுப் பட்டம் வைத்திருப்பவர், முதல் இரண்டுக்கும் ஈடான அறிவு தனக்கு இருக்கிறது என்று ஒரு தேர்வில் காட்ட வேண்டியிருந்தது. தேர்வுக்கு முன்னால் ஒரு அட்டவணை நிரப்ப வேண்டியிருந்தது. 11 பொது அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று உட்பிரிவுகள், ஆக 33 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே இந்த டிராயிங், இந்தப் பக்கம் என்று ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது.

அந்த 11 அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனேன். கோபத்தில் செய்த காரியம்தான், ஆனால் பிரயோஜனமாக இருந்தது. ஆர்க்கிடெக்டுகளின் பட்டங்களை ஐரோப்பிய நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற முன்மொழிவு வந்தது 1967இல், நிறைவேறியது 1985இல். இன்றைய ஐரோப்பிய விதியிலும் (2005/36, பிரிவு 46) அந்தப் பதினொன்றும் இருக்கின்றன. ஒரு ஆர்க்கிடெக்டுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதில் ஒத்துப்போக, அருகருகே இருக்கிற நாடுகளுக்கே 18 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதைப் படித்த அன்று என் கோபம் ஒரு படி இறங்கியது. என் பட்டம் செல்லாது என்று யாரோ அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. இந்தத் தொழிலை எப்படி அளப்பது என்பதே எங்கேயும் லேசில் முடியாத விஷயமாக இருக்கிறது.

சரி, ஆதாரங்களுக்கு வருகிறேன். கல்லூரியில் தீசிஸுக்காக வரைந்த ஷீட்டுகள் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழலில் சுருண்டு கிடந்தன. பிரித்தால் மறுபடி தானாகவே சுருண்டுகொண்டன. நாலு மூலையிலும் கனமான புத்தகங்களை வைத்து அமுக்கி, நாற்காலி மேல் ஏறி நின்று படம் எடுத்தோம். மாடல் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு போட்டோ, அதிலும் பாதியை ஒரு சிநேகிதியின் முழங்கை மறைத்திருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கான பாடத்திட்டத்தை முத்திரையோடு தரும்படி கல்லூரிக்கு எழுதினேன். பதில் வர நாலு மாதம் ஆனது. வந்ததும் நான் படித்த ஆண்டின் பாடத்திட்டம் இல்லை, அதற்குப் பிறகு மாற்றியது. மறுபடி எழுதினேன். மறுபடி காத்திருந்தேன்.

எல்லாவற்றையும் விடச் சிரமம், கூட்டாகச் செய்த வேலைகளில் என் பங்கைப் பிரித்துக் காட்டுவது. மூன்றாம் ஆண்டில் பன்னிரண்டு பேராகப் போய் ஒரு பழைய குடியிருப்பை அளந்து வரைந்தோம். பகலில் டேப்பைப் பிடித்து அளப்பது, இரவில் வரைவது, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்வது. அந்த ஷீட்டுகளை மேஜையில் பரப்பி எது என் கோடு என்று தேடினேன். படிக்கட்டுகளில் ஏறும் திசையைக் காட்டும் அம்புக்குறியை நான் எப்போதும் கொஞ்சம் நீளமாக இழுப்பேன். அதை வைத்து இரண்டு ஷீட்டுகளை அடையாளம் கண்டேன். மற்றதில் முடியவில்லை. அந்த ஷீட்டுகளைச் சேர்க்காமலே விட்டேன். அந்தப் படிப்பில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்தப் பத்து நாளில்தான். ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை.

எண்ணக்கூடியதை எண்ணுகிறார்கள்

என்னோடு படித்தவர்கள் வேறு வேறு நாடுகளுக்குப் போயிருந்தார்கள். இரவுகளில் பேசிக்கொள்வோம். அமெரிக்கா போனவள் மணிக்கணக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அங்கே பட்டத்தைப் பாடம் பாடமாகப் பிரித்து மதிப்பிடுவார்கள். அதற்கு மேல் ஆறு பிரிவுகளில் 3,740 மணி நேர அனுபவத்தைப் பதிவு செய்ய வேண்டும், ஆறு தேர்வுகள் எழுத வேண்டும், உரிமத்தை அந்தந்த மாநிலம் கொடுக்கும். ஆஸ்திரேலியா போனவன் 3,300 மணி நேரத்துக்கு லாக்புக் எழுதிக்கொண்டிருந்தான். ஜெர்மனியில் 16 மாநிலங்களுக்கும் தனித்தனி ஆர்க்கிடெக்ட் சபைகள். அதில் உறுப்பினர் ஆனால்தான் பெயர் கிடைக்கும். கான்பெர்ரா ஒப்பந்தம் என்று 2008இல் கையெழுத்தான ஒன்று இருக்கிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, சீனா, கொரியா போன்ற நாடுகளின் அங்கீகார அமைப்புகள் ஒன்றின் படிப்பை இன்னொன்று ஏறக்குறைய ஈடானதாக ஏற்கின்றன. அதுவும் படிப்போடு நின்றுவிடும். தொழில் உரிமம் தனி. பிரிட்டனும் அமெரிக்காவும் 2023 ஏப்ரலில்தான் பரஸ்பர ஏற்புக்கு வழி திறந்தன. அதுவும் இரண்டு நாடுகளில் ஒன்றில் ஏற்கெனவே முறைப்படி தகுதி பெற்றவர்களுக்கு.

எங்கள் பேச்செல்லாம் மணி, ஆண்டு, கிரெடிட் என்றே இருந்தது. எண்ணக்கூடியதைத்தான் எண்ண முடியும், அதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் நாங்கள் ஒருவருக்கொருவர் தேடிக்கொண்ட ஆறுதல் வேறு. ஆர்க்கிடெக்ட் பட்டமே இல்லாத பெரிய ஆர்க்கிடெக்டுகளின் பெயர்களைச் சொல்லிக்கொள்வோம். ஜப்பானின் தடாவோ ஆண்டோ தானாகக் கற்றவர். வெனிஸின் கார்லோ ஸ்கார்ப்பாவிடம் ஆர்க்கிடெக்ட் உரிமம் கிடையாது. உரிமம் இல்லாமல் தொழில் செய்தார் என்று அவர் மேல் வழக்கே நடந்தது. எல்லாரும் அவரை ‘புரொஃபசோரே’, அதாவது பேராசிரியர், என்றுதான் அழைத்தார்கள். ஸ்கார்ப்பாவின் கதையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவருக்கே காகிதம் தேவைப்படவில்லை என்றால் எனக்கு எதற்கு?

வெளியே, உள்ளே

இப்படி நினைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தச் சுவர் வந்தது. ஒரு பழைய வீட்டின் பின்பக்கம் மரச்சட்டத்தில் ஒரு அறை சேர்க்கும் வேலை. சுவரின் செக்‌ஷனை 1:5 அளவில் வரையச் சொன்னார்கள். சுவரைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் படம் அது. உள்ளிருந்து வெளியே வரிசையாக அடுக்குகள்: பிளாஸ்டர்போர்டு, மரச்சட்டம், சட்டங்களுக்கு நடுவில் சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன், அதன் மேல் பலகை, காற்றுப் போக ஒரு இடைவெளி, கடைசியாக வெளியே தெரியும் மரப்பலகை உறை. ஈர ஆவியைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் ஒன்றும் வேண்டும். அதை இன்சுலேஷனுக்கு வெளிப்பக்கம் போட்டேன். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போட்டது.

அலுவலகத்தில் ஒரு டெக்னீஷியன் இருந்தார். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. அவர் ஆர்க்கிடெக்ட் இல்லை, ஆக வேண்டும் என்று நினைத்ததும் இல்லையாம். டிராயிங்குகள் வெளியே போகும் முன் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகும். என் செக்‌ஷனை எடுத்துப் பார்த்தவர், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “இந்தச் சுவரில் எந்தப் பக்கம் சூடு?” என்று கேட்டார்.

“உள்ளே,” என்றேன்.

“வீட்டுக்குள் குளிக்கிறார்கள், சமைக்கிறார்கள், எட்டு மணி நேரம் மூச்சு விட்டுத் தூங்குகிறார்கள். அந்த ஈரமெல்லாம் எங்கே போகும்?”

அப்போதுதான் புரிந்தது. சில்லென்ற தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கும் அல்லவா? சூடான காற்றில் இருக்கிற ஈரம், குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராக மாறுகிறது. குளிர்நாட்டில் வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர். ஈர ஆவி உள்ளிருந்து சுவர் வழியாக வெளியேறப் பார்க்கும். தாள் உள்பக்கம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். நான் போட்ட மாதிரி வெளிப்பக்கம் இருந்தால், ஆவி இன்சுலேஷன் முழுக்கக் கடந்து போய், கிட்டத்தட்ட வெளிக்காற்றின் குளிரில் இருக்கிற தாளில் முட்டி, சுவருக்குள்ளேயே தண்ணீராகும். வெளியே போகவும் வழி இல்லை. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பெயிண்ட் நன்றாக இருக்கும், அறை கதகதப்பாக இருக்கும். சில குளிர்காலங்கள் போன பிறகு உள்ளே மரம் உளுத்திருக்கும், பூஞ்சை பிடித்திருக்கும்.

அவர் ஒரு சிவப்பு பென்சிலை எடுத்து, பிளாஸ்டர்போர்டுக்குப் பின்னால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். நான் போட்ட கோட்டின் மேல் இரண்டு சின்னக் குறுக்குக் கோடுகள். அவ்வளவுதான். திட்டவில்லை. “வெப்ப நாட்டிலிருந்து வருகிறவர்கள் இப்படிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கிருந்து அங்கே போகிறவர்கள் எதிர்ப்பக்கத்தில் போடுவார்கள்,” என்றார்.

என் கை ஏன் வெளிப்பக்கம் போனது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு டிராயிங் செய்திருந்தேன். அங்கே வெளியே வெப்பம், உள்ளே குளிர். ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். அதனால் தாள் வெளிப்பக்கம். அது முற்றிலும் சரியான டீடெயில். அந்தக் கிடங்கு இன்னும் நன்றாக நிற்கிறது. ஆனால் நான் மனதில் எடுத்துக்கொண்டது “தாள் வெளியே” என்பதை. “தாள் சூடான பக்கம்” என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் எட்டு ஆண்டுகளாக எனக்கு ஒன்றாகவே இருந்தன. வேறு நாட்டில் ஒரு சுவரை வரைகிறவரை அவை இரண்டு வெவ்வேறு விஷயம் என்று தெரிய வழியே இல்லை.

பட்டத்தை விட்டுவிட்டு வந்ததாக அதுவரை நினைத்தேன். நான் விட்டுவிட்டு வந்தது வெயிலை. என் அறிவில் எவ்வளவு பங்கு அந்த வெயிலை நம்பி நின்றது என்பதைத்தான் நான் பார்க்காமல் இருந்தேன். பிறகு ஸ்கார்ப்பாவைப் பற்றி நினைத்தபோது அவர் எனக்கு ஆறுதலாக இல்லை. வெனிஸில் குவெரினி ஸ்தாம்பாலியா மாளிகையின் தரைத்தளத்தை அவர் திருத்தி அமைத்தபோது, கால்வாய் நீர் ஏறினால் அது உள்ளே வந்து வாய்க்கால்களில் ஓடித் திரும்பிப் போகும்படி செய்தார். அந்த நீர் எப்போது வரும், எவ்வளவு வரும், எந்தக் கல் அதைத் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஊரில் பிறந்து, அந்த ஊர்க் கைவினைஞர்களோடு வேலை செய்தவர். அவரிடம் பட்டப் பெயர் இல்லை, இடம் இருந்தது. என்னிடம் பெயர் இருந்தது, இடம் இல்லை. அவரைப் போய் எனக்குச் சாட்சியாக அழைத்திருக்கிறேன்.

தேர்வு அறை

அந்தச் செக்‌ஷனை, சிவப்புக் கோட்டோடு அப்படியே ஸ்கேன் செய்து போர்ட்ஃபோலியோவில் சேர்த்தேன். சிநேகிதர்கள் வேண்டாம் என்றார்கள். தப்பை நாமே எடுத்துக் கொடுப்பதா என்று கேட்டார்கள். எனக்கு அதை ஒளித்து வைக்க மனமில்லை. மேஜைக்கு எதிரே மூன்று பேர். தீசிஸைப் பற்றிக் கொஞ்சம் கேட்டார்கள், நகரத் திட்டமிடல் வரலாற்றைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு நடுவில் இருந்தவர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, கோட்டைக் காட்டி, “இது யார் போட்டது?” என்றார். கிடங்கைப் பற்றியும், எந்தப் பக்கம் சூடு என்ற கேள்வியைப் பற்றியும் சொன்னேன். மற்ற எல்லாப் பக்கங்களையும் விட அதில்தான் அதிக நேரம் பேசினோம். கூரையில் இதே விஷயம் எப்படி மாறும், பழைய செங்கல் சுவருக்கு உள்பக்கம் இன்சுலேஷன் வைத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்கக் கேட்க, முதல் தடவையாக அந்த அறையில் ஒரு ஆர்க்கிடெக்டாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

தேறினேன். பார்ட் த்ரீயும் அதற்குப் பிறகு முடிந்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. கட்டட விதிகள், ஒப்பந்தங்கள், தவறு நடந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. அதை அங்கே போய்த்தான் கற்க வேண்டும், தேர்வு வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். தீ அவ்வளவு வேகமாக ஏறியதற்கு முக்கியக் காரணம், புதுப்பிக்கும்போது வெளிச்சுவரில் ஒட்டிய உறையின் நடுவில் இருந்த பாலிஎத்திலீன் என்ற எரியும் பிளாஸ்டிக். அதுவும் ஒரு சுவர் செக்‌ஷன்தான், அதிலும் அடுக்குகள்தான். அதற்குப் பின் வந்த 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், ஏற்கெனவே பதிவில் இருப்பவர்களும் தொடர்ந்து கற்றுக்கொண்டிருக்கிறார்களா என்று கண்காணிக்கும் அதிகாரத்தைப் பதிவு வாரியத்துக்குக் கொடுத்தது. அந்த நாட்டிலேயே படித்தவருக்கும் சேர்த்துத்தான்.

என் குறையெல்லாம் 33 கட்டங்களைப் பற்றித்தான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தொழில் செய்த ஒருவரிடம், மாணவராக இருந்தபோது வரைந்த ஷீட்டைத் தேடி எடுத்து வரச் சொல்வதால் அந்த நாட்டு மக்களுக்கு என்ன பாதுகாப்பு கிடைக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கனடாவில் குறைந்தது ஏழு ஆண்டு அனுபவம் உள்ள வெளிநாட்டு ஆர்க்கிடெக்டுகளுக்கு ஒரு தனி வழி இருக்கிறது. அங்கே அவர்கள் செய்த வேலையை எடுத்துவைத்து நேரில் பேசுகிறார்கள். அந்தத் திசைதான் சரி என்று நினைக்கிறேன். ஒரு சுவரைக் கொடுத்து, இதை உங்கள் நாட்டில் எப்படி வரைவீர்கள், இங்கே எப்படி வரைவீர்கள், ஏன் என்று கேட்டால் ஒரு மணி நேரத்தில் ஒருவரைப் பற்றி எவ்வளவோ தெரிந்துவிடும். என் தீசிஸ் ஷீட்டுகள் முப்பதையும் பார்த்தாலும் நான் தாளை எந்தப் பக்கம் போடுவேன் என்று யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். என் சித்தி மகளோடு வேலை செய்கிறவள், அடுத்த ஆண்டு கிளம்புவதாக இருக்கிறாள். “அக்கா, என்னென்ன பேப்பர் எடுத்து வைக்கணும்?” என்று கேட்டாள். பாடத்திட்டம், நீ படித்த வருஷத்துக்கு உரியதா என்று பார்த்து வாங்கு, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை இருக்க வேண்டும். மாடல்களை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடு. ஷீட்டில் தேதி எழுது. கூட்டு வேலையில் உன் பங்கு எது என்று இப்போதே எழுதிவை, பிறகு உனக்கே மறந்துவிடும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

“அப்புறம் நீ கடைசியாக வரைந்த சுவர் செக்‌ஷன் ஒன்று எனக்கு அனுப்பு,” என்றேன்.

“அது எதுக்குக்கா, அதையும் கேப்பாங்களா?”

“கேட்க மாட்டார்கள். நீ அனுப்பு.”

இரவு பதினோரு மணிக்கு அனுப்பியிருந்தாள். ஒரு அலுவலகக் கட்டடம். பிளாக் சுவர், பூச்சு, மேற்குப் பக்கம் ஆழமான சன்ஷேட், அதற்கு நீர் வடிய அடியில் ஒரு சின்னப் பள்ளம் கூட மறக்காமல் வரைந்திருந்தாள். சுத்தமான கோடு. பெரிதாக்கிப் பார்த்தேன். அதே படத்தின் ஓரத்தில், சுவருக்கு வெளியே ஒரு குட்டிச் சூரியனை வரைந்து, நாலு மணிக்கு அதன் வெயில் எந்தக் கோணத்தில் விழும் என்று கோடு இழுத்திருந்தாள். அந்தக் கோட்டைக் காட்டி அவளுக்கு எழுதத் தொடங்கினேன்: “இந்தச் சூரியனை இன்னும் கீழே இறக்கி, குளிர்காலத்தில் நாலு மணிக்கு அது அஸ்தமித்தே போய்விடுகிற ஒரு ஊரில் வைத்து, இதே சுவரை மறுபடி வரைந்து பார்க்கிறாயா?”